பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிட்டங்கியை ஈடு வைக்கும் முன்

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நம் கிட்டங்கிப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வந்தது. தகப்பனார் காலத்தில் வாங்கிய இடம். வத்தலும் மல்லியும் அடுக்கி, நல்ல வருடம் கெட்ட வருடம் எல்லாம் பார்த்த கிட்டங்கி. இத்தனை காலமும் அதன் மேல் ஒரு வில்லங்கமும் ஏறவிடாமல் வைத்திருந்தோம். தம்பி மகள் மதுரையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அமெரிக்காவில் கிழக்குக் கரையோரம் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலர் ஆகும் என்று அவர்களே தாளில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அப்போது டாலர் 83 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 32 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது.

கொள்முதல் செய்து பழகிய நமக்கு அது என்ன தொகை என்று விளக்க வேண்டியதில்லை. வங்கியில் பத்திர நகலை வாங்கிக்கொண்டு, மூலப் பத்திரத்தோடு ஒரு நாள் வரச் சொன்னார்கள். தம்பி தயங்கினார். "பிள்ளை படிப்புக்குத்தானே, கையெழுத்தைப் போடுப்பா" என்று சொன்னது நாம்தான். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இன்று நம் சங்க உறுப்பினர்கள் பல பேர் வீட்டில் இதே பேச்சு நடக்கிறது என்பதுதான்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். பி.எச்.டி. படிப்புக்கு இடம். கல்லூரி ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியதால் டிசம்பர் மாதம் அவள் நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். விண்ணப்பக் கட்டணம் வீண் செலவு என்று அப்போது நாம் முணுமுணுத்தது உண்டு. வந்த கடிதத்தில் நாம் கட்ட வேண்டிய தொகை எங்கே என்று தேடினோம். காணவில்லை. 24,000 டாலர் என்று ஒரு தொகை மட்டும் இருந்தது.

"பெரியப்பா, இது நாம கட்டுற பணம் இல்லை. அவங்க எனக்குத் தர்ற சம்பளம்" என்றாள்.

நாம் நம்பவில்லை. மாதிரிக்குக் காட்டும் கைப்பிடி வத்தலைப் பார்த்து மூட்டைக்கு விலை பேசுகிறவர்கள் அல்ல நாம். ஆளைப் பிடித்து, படித்தவர்களைக் கேட்டு, ஒரு மாதம் விசாரித்தோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறோம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு உதவிப் பணம் என்றால் நம் ஆட்கள் ஸ்காலர்ஷிப்பைத்தான் நினைக்கிறார்கள். கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் மகன், கணித மேதை ராமானுஜன், 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. அது திறமைக்குக் கொடுத்த கொடை. அந்த வகை ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும். நாம் இங்கே சொல்வது வேறு. இதற்கு அசிஸ்டன்ட்ஷிப் என்று பெயர். மாணவர் பல்கலைக்கழகத்துக்கு வேலை செய்வார். பல்கலைக்கழகம் அவருடைய படிப்புக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, அதற்கு மேல் மாதச் சம்பளமும் தரும். தர்மம் அல்ல, கூலி.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. பர்மாவில் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தனியாகக் கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! பையனைச் சேர்த்துவிட்ட தகப்பன் கடைக்காரருக்குப் பணம் கட்டவில்லை. பையன் உழைத்தான், சாப்பிட்டான், தொழிலைக் கற்றான். பி.எச்.டி. மாணவரை அந்தப் பெட்டியடிப் பையனாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வேலை இரண்டு வகை. ஒன்று டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது பாடம் நடத்த உதவுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் வருடம் சேருகிறவர்கள், எந்தப் பிரிவாக இருந்தாலும், பெரும்பாலும் கணக்கோ இயற்பியலோ வேதியியலோ ஏதாவது ஒன்றைப் படித்தாக வேண்டும். ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உட்காருவார்கள். பேராசிரியர் விரிவுரை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சந்தேகம் தீர்ப்பது, ஆய்வுக்கூடத்தில் மேல்பார்வை பார்ப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் மேல்படிப்பு மாணவர்கள் தலையில். ஆகவே எந்தத் துறையில் முதல் வருடக் கூட்டம் அதிகமோ அந்தத் துறையில்தான் இந்த வேலை அதிகம். கணிதம், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் இவையெல்லாம் அப்படி. நம் ஊரில் "சும்மா கெமிஸ்ட்ரிதானே, கம்ப்யூட்டர் எடுத்திருக்கக் கூடாதா" என்று பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அந்தச் "சும்மா கெமிஸ்ட்ரி"தான் கிட்டங்கியைக் காப்பாற்றியது.

இரண்டாவது ரிசர்ச் அசிஸ்டன்ட். இதில் பணம் துறையின் பெட்டியிலிருந்து வருவதில்லை. பேராசிரியர் ஒரு ஆராய்ச்சித் திட்டம் எழுதி, 1950-ல் ஏற்பட்ட தேசிய அறிவியல் நிறுவனம், தேசிய சுகாதார நிறுவனங்கள், எரிசக்தித் துறை போன்ற அரசு அமைப்புகளிடம் மானியம் வாங்குகிறார். அந்த மானியத்திலிருந்து மாணவருக்குச் சம்பளம். இந்த வேலையில் ஒரு பெரிய லாபம் உண்டு. செய்கிற வேலையே தன் பட்டத்துக்கான ஆராய்ச்சியாகவும் இருக்கும். விடைத்தாள் திருத்துகிற நேரம் மிச்சம். ஆனால் மானியம் சில வருடங்களுக்குத்தான். முடிந்தால் பேராசிரியர் புதிதாக வாங்க வேண்டும். அவருக்கு வரத்து நின்றால் மாணவருக்கும் நிற்கும். ஒரே ஆளிடம் மொத்தச் சரக்கையும் கடனுக்குப் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து புரியும்.

இரண்டு வகையிலும் பாதி நேர வேலை என்றால் வாரம் 20 மணி நேரம். கால் நேர வேலை 10 மணி நேரம். மாணவர் விசாவில் போகிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். வெளியே பெட்ரோல் பங்கிலும் ஓட்டலிலும் அனுமதி இல்லாமல் வேலை செய்து சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பிடிபட்டால் விசா போகும். போட்ட பணமும் போகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஏன் எம்.எஸ். படிப்புக்கு 1 கோடி 32 லட்சம் கேட்கிறார்கள், அதைவிடப் பெரிய படிப்பான பி.எச்.டி.க்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? நமக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. விசாரித்ததில் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. எம்.எஸ். மாணவர் இரண்டு வருடத்தில் வந்து போகிறவர். அவர் அவர்களுக்கு வாடிக்கையாளர். பி.எச்.டி. மாணவர் ஐந்து, ஆறு வருடம் கூடவே இருந்து வேலை செய்கிறவர். அவர் கடை ஆள். வாடிக்கையாளர் பணம் கட்டுவார், கடை ஆள் சம்பளம் வாங்குவார். அறிவியல், பொறியியல் துறைகளில் ஓரளவு பெயருள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகம் பி.எச்.டி.க்கு இடம் கொடுத்து, கட்டணத்தையும் நம்மையே கட்டச் சொன்னால் அந்த இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் சொன்னார். எம்.எஸ். மாணவருக்கு அசிஸ்டன்ட்ஷிப்பே கிடையாது என்று சொல்ல முடியாது. சில இடங்களில், அதிலும் பி.எச்.டி. நடத்தாத துறைகளில், கிடைக்கிறது. ஆனால் "போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்பிப் போவது, விலை பேசாமல் லாரியை அனுப்புவது போல. போன இடத்தில் மணிக்கணக்கில் விடைத்தாள் திருத்தும் சில்லரை வேலை கிடைக்கலாம். அதற்குக் கட்டணத் தள்ளுபடி சாதாரணமாகக் கிடையாது.

நமக்கு இடம் வாங்கித் தர வந்த ஆலோசனை நிறுவனத்துக்காரர் பி.எச்.டி. என்ற சொல்லையே எடுக்கவில்லை. "எம்.எஸ். என்றால் ரெண்டே வருஷம் அண்ணாச்சி, கடன் தன்னால அடைஞ்சிடும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, ஏஜெண்டு மூலம் வந்து சேரும் மாணவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகின்றன. சம்பளம் கொடுத்துச் சேர்க்கிற மாணவருக்கு யார் கமிஷன் தருவார்கள்? தரகு கிடைக்காத சரக்கைத் தரகர் காட்டமாட்டார். இது நம் மண்டியிலேயே தெரிந்த விஷயம்தான், பிள்ளை படிப்பு என்றவுடன் மறந்துவிட்டோம்.

சரி, சம்பளக் கடிதம் வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு கிளம்பலாமா என்றால், அதையும் பட்டியலைப் படிப்பது போல வரி வரியாகப் படிக்க வேண்டும். எங்கள் கடிதத்தில் 24,000 டாலர் என்றது ஒன்பது மாதத்துக்கு. மே பாதி முதல் ஆகஸ்ட் பாதி வரை கோடை விடுமுறை. அந்த மூன்று மாதத்துக்கு உறுதி இல்லை. கோடை வகுப்பில் வேலை இருந்தால் உண்டு, அல்லது பேராசிரியர் தம் மானியத்திலிருந்து கொடுத்தால் உண்டு. கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இதர கட்டணங்கள் மாணவர் பொறுப்பு என்று சின்ன எழுத்தில் இன்னொரு வரி. நூலகம், கம்ப்யூட்டர், விளையாட்டு மைதானம் என்று அரை வருடத்துக்கு 1,100 டாலர். மருத்துவ இன்சூரன்ஸில் ஒரு பகுதி அவர்கள் கட்டுவார்கள், மீதி மாணவர். இத்தனையும் கழித்துப் போட்டுப் பார்த்தோம். வாடகை மலிவான சிறிய ஊர் என்பதால், இன்னொரு பெண்ணோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம் என்று வந்தது. இதே 24,000 டாலர் கலிபோர்னியாவில் என்றால் கட்டுபடி ஆகாது. அங்கே 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பல வளாகங்களிலும் 48,000 பேர், பெரும்பாலும் இந்த உதவியாளர்கள்தான், வாடகை கொடுக்க முடியவில்லை என்று ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 23,000 டாலராக இருந்த குறைந்தபட்ச வருடச் சம்பளத்தை 2024-க்குள் 34,000 டாலராக்க ஒப்புக்கொண்ட பிறகே வேலைக்குத் திரும்பினார்கள். ஆகவே தொகையைப் பார்க்குமுன் ஊரைப் பார்க்க வேண்டும்.

வரி உண்டா என்று கேட்பீர்கள். நாமும் முதலில் கேட்டது அதைத்தான். சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி இந்திய மாணவர்கள் அந்நாட்டவருக்கு உள்ள நிலைக் கழிவை எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டணத் தள்ளுபடி எத்தனையோ ஆயிரம் டாலர் ஆனாலும் அது வருமானமாகக் கணக்கில் வராது. 2017-ல் அதற்கும் வரி போட அந்த நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் மசோதா வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை.

எங்கள் வீட்டில் பெரிய தடை பணமல்ல, வருடக் கணக்கு. ஐந்து வருடம் என்றவுடன் தம்பி மனைவி அழுதுவிட்டார். பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு. இருபத்தேழு, இருபத்தெட்டு வரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருப்பதா என்று உறவினர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். எம்.எஸ். இரண்டு வருடம் என்பதில் எங்களுக்கு இருந்த ஆசையில் பாதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பி.எச்.டி.யில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் எம்.எஸ். பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாமே என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். முடியாதவர்களுக்கு அந்த வழி இருப்பது உண்மை. ஆனால் முதல் நாளே அந்த எண்ணத்தோடு ஒருவர் பணத்தில் உட்காருவது நமக்குச் சரியாகப் படவில்லை. "நான் முழுசா முடிக்கத்தான் போறேன்" என்று பெண்ணே சொன்னபின் பேச்சு நின்றது.

ஒரு நல்ல வழக்கம் எங்களைக் காப்பாற்றியது. உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-ம் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவை தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. எம்.எஸ். இடம் கொடுத்தவர்களோ மார்ச் கடைசிக்குள் முன்பணம் கட்டு என்று நெருக்கினார்கள். அவசரப்படுத்துகிறவர் யார், அவகாசம் கொடுக்கிறவர் யார் என்று பார்த்ததிலேயே பாதி முடிவாகிவிட்டது. ஏப்ரல் 11-ம் தேதி பி.எச்.டி.க்குச் சம்மதம் எழுதினாள். பத்திரம் பீரோவுக்குத் திரும்பியது.

செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். விசா, விமானம், வீட்டு முன்பணம், குளிருக்கு உடுப்பு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு என்று ஐந்து லட்சத்துக்கு மேல் ஆயிற்று. ஆகஸ்டில் போனவளுக்கு முதல் சம்பளம் அக்டோபர் முதல் தேதிதான் கைக்கு வந்தது. அதைக் கடையிலிருந்தே கொடுத்தோம்.

போனவுடன் ஒரு இடி. ஆங்கிலத்தில் பேசும் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. பாடம் நடத்துகிற உதவியாளர் பேசுவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்களில் தனித் தேர்வு வைக்கிறார்கள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். எழுத்தில் குறை இல்லை, வாயில்தான் வரவில்லை. முதல் அரை வருடம் வகுப்புக்குள் விடாமல் விடைத்தாள் திருத்தும் வேலை கொடுத்து, கூடவே பேச்சு வகுப்புக்கும் அனுப்பினார்கள். சம்பளம் குறையவில்லை. ஜனவரியில் மறுபடி எழுதித் தேறி, ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். கண்ணாடி அணியாமல் வந்த ஒரு ஆறடிப் பையனை வெளியே அனுப்பியதாகப் போனில் சொன்னபோது தம்பி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. தன் பாடத்திலும் கோட்டைவிடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் 4-க்கு 3 என்ற சராசரி குறைந்தால் வேலை போய்விடும்.

2025-ல் உண்மையான பயம் வந்தது. அமெரிக்க அரசு ஆராய்ச்சி மானியங்களில் கை வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி அந்த வருடம் பி.எச்.டி.க்குக் கொடுத்திருந்த இடங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். நம் பெண் இரண்டாம் வருடத்தில் ரிசர்ச் அசிஸ்டன்ட்டாகச் சேர இருந்த பேராசிரியருக்கு எதிர்பார்த்த மானியம் வரவில்லை. இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு துறையிலேயே டீச்சிங் வேலையைத் தொடரச் சொன்னார்கள். முதல் வருடப் பிள்ளைகள் வருகிறவரை அந்த வேலை இருக்கும். அதே பேராசிரியரிடம் ஆராய்ச்சி, துறையில் சம்பளம் என்று ஓடுகிறது. நேரம்தான் போதவில்லை என்கிறாள்.

வேறு நாடுகளைப் பற்றி நாம் விசாரித்தது கொஞ்சம்தான். ஜெர்மனியில் பி.எச்.டி. மாணவர்கள் பலரைப் பல்கலைக்கழகம் அரசு ஊதிய விகிதத்தில் ஊழியராகவே வைத்துக்கொள்கிறது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் எம்.எஸ்ஸி.க்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம் போன்ற வெளிநாட்டவருக்கு அரை வருடத்துக்கு 1,500 யூரோ உண்டு.

பிள்ளை கல்லூரியில் கடைசிக்கு முந்தைய வருடத்தில் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். ஆகஸ்டில் சேர முந்தைய டிசம்பரிலேயே விண்ணப்பம் போக வேண்டும். உதவித்தொகைக்குத் தனியாக முந்திய கடைசித் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வருட பி.எஸ்ஸி. மட்டும் போதாது என்று சொல்லும் இடங்கள் அநேகம். பி.எஸ்ஸி.யோடு எம்.எஸ்ஸி.யும், அல்லது நான்கு வருட பி.இ.யும் வேண்டும். மூன்று ஆசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். பிள்ளையைத் தெரிந்து எழுதுகிற ஆசிரியர் வேண்டும், பதவியைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது.

போன வாரம் நம் தெரு எண்ணெய்க்கடை அண்ணாச்சி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மகனுக்கு இயற்பியலில் பி.எச்.டி. இடம், டீச்சிங் வேலை, சம்பளம் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாம் பத்தியில் முதல் வருடத்துக்குப் பிறகு நிதி இருப்பைப் பொறுத்து நீட்டிக்கப்படும் என்று ஒரு வரி. இதுவரை எத்தனை மாணவருக்கு நீட்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று துறைக்கு எழுதிக் கேட்கச் சொன்னோம். பையன் அன்று இரவே எழுதிவிட்டான். இரண்டாவதாக, அங்கே இப்போது படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பிடித்து, கோடையில் என்ன செய்கிறார் என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. அதுவரை வங்கிப் பக்கம் போகமாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.